கிறிஸ்துமஸுக்கு வடசென்னை வந்தால் எங்கே தங்குவது?

போன மாதம் திண்டுக்கல்லில் இருந்து சித்தி மகன் போன் செய்தான். "அண்ணே, இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மெட்ராஸ் வர்றோம். அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன். பிள்ளைங்க கடலைப் பாக்கணும்னு ஒரே அடம். உங்க ஏரியாவுலயே பீச் ஓரமா நல்ல ஓட்டலாப் பாத்துச் சொல்லுங்க."

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. நான் பிறந்தது ராயபுரம். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு கூடமும். அவனும் அவன் மனைவியும், இரண்டு பிள்ளைகளும், முட்டிவலிக்காரச் சித்தியுமாக ஐந்து பேர் நான்கு நாள் தங்க இடம் போதாது. வெளியே தங்க வைக்கலாம் என்றால், அவன் மனதில் இருக்கிற மாதிரி ஜன்னலைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டினால் அலை என்கிற ஓட்டல் வடசென்னையில் கிடையாது.

அதற்குக் காரணம் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் அதைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. பீச் ஸ்டேஷன் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, செகண்ட் லைன் பீச் என்று ஒரு தெரு இருக்கிறது. இரண்டிலும் போய் நின்றால் கடல் தெரியாது. ஒரு காலத்தில் அங்கே கடற்கரை இருந்தது, அதில் வந்த பெயர். 1870களில் துறைமுகம் கட்டக் கடலுக்குள் கல் போட ஆரம்பித்தார்கள். நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். கல்சுவர் அதை மறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகலமான மெரினா ஆனது. கிராண்ட் டஃப் என்ற கவர்னர் 1884இல் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயரும் வைத்தார். சுவருக்கு வடக்கே வர வேண்டிய மணல் வராமல் போனது, கடல் கரையைத் தின்றது. ராயபுரத்தில் இருந்து எண்ணூர்ப் பக்கம் போகிற வழியெல்லாம் பாறாங்கல் கொட்டி வைத்திருப்பது அதனால்தான். மெரினாவில் நடக்கும்போது, இந்த மணலில் எங்கள் ஊர்ப் பங்கும் கிடக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

அதனால் மணலை வைத்து இடம் தேட வேண்டாம் என்றேன் அவனிடம். மணல் வேண்டுமென்றால் ஒரு சாயங்காலம் மெரினா போய்விட்டு வரலாம். தங்குகிற இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது 24ஆம் தேதி இரவு. எங்களுக்குக் கிறிஸ்துமஸ் அந்த ராத்திரியில்தான் நடக்கிறது. பதினொரு மணிக்கு மேல் கோயிலுக்குப் போகிறோம், பூசை முடிந்து வெளியே வரும்போது ஒன்றரை, இரண்டு ஆகிவிடும். அந்த நேரத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே தங்குமிடம் திரும்ப முடிகிறதா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால், ஊரில் இருந்து வந்த மாமா குடும்பத்தைச் சாந்தோம் பேராலயத்துக்கு நள்ளிரவுப் பூசைக்கு அழைத்துப் போனேன். தோமையாரின் கல்லறை மேல் எழுந்த கோயில், உயர்ந்த வெள்ளைக் கோபுரம், அத்தனை விளக்கு. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்தால் எங்களைப் போல ஆயிரக்கணக்கான பேர் ரோட்டில் நிற்கிறார்கள். மெட்ரோ பதினொரு மணியோடு முடிந்துவிடும். ஆட்டோ கிடைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தை நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தே தூங்கிவிட்டார். ராயபுரம் வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. மறுநாள் பண்டிகைச் சாப்பாட்டை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, எல்லோரும் தூக்கத்தில் இருந்தார்கள். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்கும் இதே கதைதான். அந்தப் பக்கமே தங்கினால் அருமையான இடங்கள். வடக்கே தங்கிக்கொண்டு நடுராத்திரி தெற்கே போய் வருவது குடும்பத்தோடு வருகிறவர்களுக்குச் சரிப்படாது.

சரி, வடக்கே எங்கே என்று பார்ப்போம். ராயபுரத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன். என் ஊர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கடலையும் கிறிஸ்துமஸையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால் எனக்கு இந்த ஊர்தான் நினைவுக்கு வருகிறது.

இராயப்பர் என்றால் பேதுரு. பழைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இராயப்பர் கோயில் இருக்கிற ஊர் என்பதால் ராயபுரம். துறைமுகம் இல்லாத அந்தக் காலத்தில் கப்பல்கள் ஆழத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகளில் போய், ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவர்கள் இந்தப் படகுக்காரர்கள். அவர்கள் எழுப்பிய கோயில் இது. வலைவீசியான இராயப்பர் பெயரையே அவர்கள் வைத்தது பொருத்தம்தான். பக்கத்துத் தெருவுக்கு மேற்கு மாதா கோயில் தெரு என்று பெயர். எந்த மதத்து ஆளும் இங்கே முகவரி சொல்லும்போது மாதா கோயிலைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இதே ராயபுரத்தில் பார்சிகளின் அக்கினிக் கோயிலும் இருக்கிறது, 1910இல் கட்டியது.

டிசம்பர் பிறந்ததும் இங்கே மாடிக்கு மாடி ஸ்டார் ஏறிவிடும். மூங்கில் குச்சியில் கலர் பேப்பர் ஒட்டிப் பையன்களே செய்த ஸ்டாரில் இருந்து, கடையில் வாங்கிய எல்.இ.டி. ஸ்டார் வரைக்கும் பார்க்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மினி வேனில் டிரம், கிட்டார், மைக் செட்டோடு கேரல் ரவுண்ட்ஸ் வருவார்கள். முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா முன்னால் ஆடி வருவார். குழந்தைகள் பயந்து அழுதுவிட்டு, மிட்டாய் கொடுத்ததும் பின்னாலேயே ஓடும். சந்துக்குச் சந்து குடில் கட்டுவார்கள். வைக்கோல், களிமண், சணல் சாக்கைச் சாயத்தில் நனைத்துச் செய்த மலை. சில பையன்கள் குடிலிலேயே கடலும் கட்டுமரமும் வைப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பெத்லகேமில் கட்டுமரம் ஏது என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை.

24 இரவு, பூசை நடுவே 'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கும்போது மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும். சாமியார் குழந்தை இயேசு சுரூபத்தை ஏந்திக்கொண்டு குடிலுக்குப் போவார். சனம் முழுக்க எழுந்து எட்டிப் பார்க்கும். முடிந்ததும் வாசலில் தெரியாதவர்கள்கூடக் கை கொடுப்பார்கள். கிறிஸ்தவர் இல்லாதவர்களும் தாராளமாக வரலாம், எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். நற்கருணை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், வாங்க வரிசை நகரும்போது இருந்த இடத்திலேயே அமைதியாக இருந்தால் போதும். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள் 25ஆம் தேதி விடியற்காலை ஆராதனைக்குப் போவார்கள். இரவு விழிக்க முடியாத வயதானவர்களுக்கு அதுவே வசதி.

வீடு திரும்பி, கேக்கைச் சாப்பிட்டுப் படுத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு கேட்கும். மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும் நேரம் அது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தால் எதிர்வீட்டு அக்கா கோலம் போட்டுக்கொண்டிருப்பார். நடுவில் சாணி உருண்டையும் பூசணிப்பூவும் வைத்துவிட்டு, பக்கத்திலேயே எங்களுக்காக ஒரு ஸ்டாரும் வரைவார். மத்தியானம் எங்கள் வீட்டு பிரியாணி அவர் வீட்டுக்குப் போகும், பொங்கலன்று அவர் வீட்டுப் பொங்கல் எங்களுக்கு வரும்.

காசிமேடு இங்கிருந்து கூப்பிடு தூரம். மீன்பிடித் துறைமுகத்தில் நடுராத்திரிக்கு மேல் லாஞ்சுகள் வந்து நிற்க, விடியுமுன்னே ஏலம் தொடங்கிவிடும். 24ஆம் தேதி காலையில் போவதுதான் சரி. கிறிஸ்துமஸ் மத்தியானம் ஆட்டுக்கறி, அதனால் முந்தின நாளே மீனைச் சாப்பிட்டுவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். வஞ்சிரமும் வவ்வாலும் அன்றைக்கு விலை ஏறித்தான் இருக்கும். சங்கரா, கடம்பா, நெத்திலி பக்கம் போனால் கை கடிக்காது. வாங்கினதை அங்கேயே வெட்டிச் சுத்தம் பண்ணித் தருகிற அக்காக்கள் இருக்கிறார்கள். தரை முழுக்க ஐஸ் தண்ணீர், மீன் கழுவின தண்ணீர், வழுக்கும். கூடை தூக்கி ஓடி வருகிறவர்களுக்கு வழி விட வேண்டும், அவர்களுக்கு அது பிழைப்பு. சித்தி மாதிரி முட்டிவலி உள்ளவர்களை உள்ளே கூட்டிப் போகக் கூடாது. குழந்தைகளுக்கு ரப்பர் செருப்பு, கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர், இரண்டும் அவசியம்.

ராயபுரத்தின் குறை தங்க இடம்தான். குடும்பத்தோடு தங்குகிற மாதிரி ஓட்டல்கள் கோயிலைச் சுற்றி அதிகம் இல்லை. கன்டெய்னர் லாரிகள் ராத்திரி முழுக்க ஓடும், தூசியும் ஆரன் சத்தமும் இருக்கும். மீன் வாசனை பழகாதவர்களுக்கு முதல் நாள் சங்கடமாக இருக்கும். சொந்தக்காரர், நண்பர் யாராவது வீட்டில் ஒரு பாய் விரிக்க இடம் கிடைத்தால் ராயபுரத்தை விடவே விடாதீர்கள். அப்படி யாரும் இல்லாதவர்களுக்கு நான் பாரிமுனையைச் சொல்வேன்.

பாரிமுனை, மண்ணடி, பிராட்வே பக்கம் சின்னதும் பெரியதுமாக லாட்ஜுகள் நிறைய. ஹைகோர்ட், மண்ணடி என்று இரண்டு மெட்ரோ நிலையங்கள். விமான நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமல் வந்து இறங்கலாம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஆர்மேனியன் தெரு. ஆர்மேனியன் என்பது நம் ஆட்கள் வாயில் அரண்மனைக்காரன் ஆகி, தமிழில் அது அரண்மனைக்காரன் தெருவாக நிலைத்துவிட்டது. அங்கே இருக்கும் புனித மரியன்னை இணைப் பேராலயத்தை அந்தோணியார் கோயில் என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை போனால் எல்லா மதத்தவரும் மெழுகுதிரியோடு நிற்பதைப் பார்க்கலாம். நள்ளிரவுப் பூசைக்கு இங்கே போய்விட்டு லாட்ஜுக்கு நடந்தே திரும்பலாம். நேரத்தை முந்தின நாளே அறிவிப்புப் பலகையில் பார்த்துவிடுங்கள்.

பக்கத்திலேயே ஆர்மேனியர் கோயில், இப்போதைய கட்டடம் 1772இல் கட்டியது. வணிகம் செய்ய வந்த ஆர்மேனியர்கள் ஒரு காலத்தில் இந்தத் தெரு முழுக்க இருந்தார்கள். ஆர்மேனிய மொழியின் முதல் பத்திரிகை வெளிவந்தது அவர்கள் நாட்டில் இல்லை, 1794இல் நம் சென்னையில்தான். அதை நடத்திய ஷ்மவோன்யான் பாதிரியாரின் கல்லறை இந்தக் கோயில் வளாகத்தில் இருக்கிறது. மணிக்கூண்டு தனியாக நிற்கிறது, உள்ளே ஆறு பெரிய மணிகள். அவர்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி 6ஆம் தேதி, அதனால் டிசம்பர் 25 அன்று அங்கே ஆரவாரம் எதிர்பார்க்க வேண்டாம். 24 காலை போங்கள். நகரத்தின் நெரிசலுக்கு நடுவே அந்த முற்றத்தில் மரநிழலில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் மனசு லேசாகிவிடும். இன்னும் கொஞ்சம் தெற்கே நடந்தால் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் திறந்த புனித மேரி ஆலயம். சூயஸுக்குக் கிழக்கே ஆங்கிலேயர் கட்டிய சர்ச்சுகளில் மிகப் பழையது அதுதான். கோட்டைக்குள் போக அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

பகலில் பாரிமுனைச் சந்துகளில் ஸ்டார், தோரணம், குடில் பொம்மை எல்லாம் மொத்த விலைக்குக் கிடைக்கும். துணி வேண்டுமென்றால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. சாயங்காலம் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ. பர்மாவில் இருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ், கையாலேயே பிசைந்து, வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துக் கொடுப்பார்கள். கூடவே கீறி வெங்காயம் வைத்த முட்டையும், வாழைத்தண்டு சூப்பும் கிடைக்கும். திண்டுக்கல் பிரியாணி சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்கும்.

ஆனால் ஒன்று. பாரிமுனை கடைக்காரர்களின் ஊர், குடியிருப்பு குறைவு. கடை சாத்திவிட்டால் தெரு காலி. பூசை முடிந்து வரும்போது சரக்கு ஏற்றும் லாரிகளும் தூங்கும் தொழிலாளர்களும்தான் இருப்பார்கள். கேரல் ரவுண்ட்ஸோ, பக்கத்து வீட்டில் இருந்து வரும் பலகாரத் தட்டோ இங்கே எதிர்பார்க்க முடியாது. 25ஆம் தேதி பல கடைகளும் மூடியிருக்கும். அன்றைய மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று முதல் நாளே தீர்மானித்துவிட வேண்டும்.

பெரம்பூரைப் பற்றிச் சித்தி மகனின் மனைவிதான் கேட்டார். அவருடன் படித்த பெண் ஒருவர் அங்கே இருக்கிறாராம். நல்ல கேள்விதான். ரயில்வே பட்டறைகளால் வளர்ந்த ஊர். 1955இல் ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. என்ஜின் ஓட்டியவர்களிலும் பட்டறையில் வேலை செய்தவர்களிலும் ஆங்கிலோ இந்தியர்கள் நிறையப் பேர். பாதிக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன. ஆனாலும் டிசம்பரில் பேரப்பிள்ளைகளோடு திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டிக் கிடந்த வீட்டு ஜன்னலில் திடீரென்று ஸ்டார் எரிவதைப் பார்த்தால் நமக்கே சந்தோஷமாக இருக்கும். அவர்கள் வீட்டுப் பண்டிகைச் சாப்பாடு வேறு. தேங்காய்ப்பாலில் வெந்த மஞ்சள் சோறு, கொத்துக்கறி உருண்டைக் குழம்பு, காரமும் இனிப்புமாக ஒரு சிவப்புச் சட்னி. கல்கல், அச்சு முறுக்கு எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு, ஆனால் பழத்தை மாதக்கணக்கில் ரம்மில் ஊறவைத்துக் கேக் செய்வதில் அவர்களை மிஞ்ச முடியாது.

பெரம்பூர் லூர்து மாதா கோயில் பெரியது, கெபி (மாதா சுரூபம் வைத்த குகை) இருக்கிறது, உட்கார விசாலமான இடம் இருக்கிறது. தெருக்களும் ராயபுரத்தை விட அகலம், சத்தம் குறைவு. வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம். கோயம்புத்தூர், சேலம் பக்கமிருந்து வருகிற ரயில்களில் சில பெரம்பூரிலேயே நிற்கும், சென்ட்ரல் வரை போக வேண்டியதில்லை. கடல் மட்டும் கிடையாது. காசிமேட்டுக்கு ஆட்டோ பிடித்தால் அரை மணி நேரம். அந்த மாதாவின் பெருவிழாவும் பிப்ரவரி 11ஐ ஒட்டித்தான் வருகிறது. அந்தக் கோயிலை அதன் முழு அழகில் பார்க்க விரும்புகிறவர்கள் டிசம்பரை விட்டுப் பிப்ரவரியில் வரலாம். சித்தியை மட்டும் நினைத்தால் நான் பெரம்பூரைத்தான் சொல்லியிருப்பேன். பிள்ளைகள் கடல் என்று அடம்பிடிக்கிறபோது அது சரிவராது.

திருவொற்றியூர் இப்போது எளிதாகப் போய்விட்டது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, தேரடியில் இறங்கினால் வடிவுடையம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம். கடலோரம் பட்டினத்தார் சமாதி. மார்கழிக் காலையில் அங்கே போய்விட்டு மதியம் ராயபுரத்தில் கிறிஸ்துமஸ் விருந்து என்று ஒரே நாளில் இரண்டையும் பார்த்த விருந்தாளிகள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். தங்குவதற்கு என்றால் கிறிஸ்துமஸ் களை ராயபுரம் அளவுக்கு இருக்காது.

எண்ணூர் முகத்துவாரத்தை நான் விருந்தாளிகளுக்குச் சொல்வதில்லை. ஆறும் கடலும் சேர்கிற அந்த இடம் ஒரு காலத்தில் ஊர்க்காரர்கள் பெருமையாகக் காட்டிய இடம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்து கழிமுகம் முழுக்கப் படிந்தது. இறால் பிடிக்கிறவர்கள் கையெல்லாம் கறுத்து நின்றதை நான் நேரில் பார்த்தேன். அதே மாதக் கடைசியில், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ராத்திரி, பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து சனம் வீட்டை விட்டு ஓடியது. அந்த ஊர்க்காரர்களின் பாடு தெரிந்துகொள்ளப் போகிறவர்கள் போகட்டும், அது நல்லதுதான். பொழுதுபோக்காகப் போய்ப் போட்டோ எடுத்துவிட்டு வர மனசு ஒப்பவில்லை.

பழவேற்காடு பற்றி எல்லோரும் கேட்பார்கள். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் போக வேண்டும். போர்த்துக்கீசியர் காலத்தில், 1515இல் தொடங்கிய மகிமை மாதா கோயில் அங்கே இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய ஊர். எலும்புக்கூடு செதுக்கிய வாசல் தூண்களோடு அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் நிற்கிறது. ஏரியில் டிசம்பரில் பூநாரைகள் வர ஆரம்பித்திருக்கும். ஒரு முழு நாள் கொடுத்துப் பார்க்க வேண்டிய ஊர். ஆனால் 25ஆம் தேதி போகாதீர்கள். 2011ஆம் ஆண்டு அதே கிறிஸ்துமஸ் நாளில், சுற்றுலா வந்த குடும்பத்தினர் ஏறிய படகு அந்த ஏரியில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். 27ஆம் தேதிக்கு மேல் கூட்டம் குறைந்த ஒரு வார நாளில் போங்கள், கரையில் நின்று பறவைகளைப் பாருங்கள். யாராவது படகு இருக்கிறது வாங்க என்று கூப்பிட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுக்க முடிந்திருக்காது. வர்தா புயல் கரை கடந்தது 2016 டிசம்பர் 12. கிறிஸ்துமஸ் சமயத்தில் பெரும்பாலும் மழை ஓய்ந்து, பகலில் இதமான வெயில், விடியற்காலையில் லேசான பனி என்று இருக்கும். குடை ஒன்று பையில் இருக்கட்டும். அலை மட்டும் அடங்கியிருக்காது, அடியில் இழுப்பு பலமாக இருக்கும். மெரினாவானாலும் காசிமேட்டுப் பக்கம் என்-4 பீச் என்று பையன்கள் சொல்கிற இடமானாலும், கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பாறாங்கல் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கவே கூடாது, பாசி பிடித்த கல் காலை வாரிவிடும்.

கடைசியாக, எப்போது கிளம்புவது என்று கேட்டான் சித்தி மகன். 26ஆம் தேதி காலை ரயிலைப் பிடித்தால் மதியத்துக்குள் ஊர் போய்விடலாம் என்றான். ராத்திரி ரயிலுக்கு மாற்றச் சொன்னேன்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பண்டிகை முடிந்த களைப்பில் எங்கள் தெரு பாதி தூங்கிக்கொண்டிருந்தது. கடல் வருது என்று கத்திக்கொண்டு சனம் கல்மண்டபம் பக்கமாக ஓடி வந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று ராத்திரி பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்து ஈரத்துணியோடு படுத்திருந்தவர்களுக்கு மேலே, நாங்கள் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய ஸ்டார்கள் எரிந்துகொண்டிருந்தன. யாருக்கும் அணைக்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் 25ஆம் தேதியோடு முடிவதில்லை. ஒவ்வொரு 26ஆம் தேதி காலையிலும் காசிமேட்டில் மீனவர்கள் கடலில் பாலும் பூவும் விடுவார்கள். எல்லா மதத்துக்காரர்களும் கரையில் நிற்பார்கள். கடலைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்த பிள்ளைகள் அந்தக் காலையில் அங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆக, முடிவு இப்படி ஆனது. 23 காலை எழும்பூரில் இறங்குகிறார்கள். அங்கே மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, மண்ணடியில் இறங்கி லாட்ஜில் பெட்டியை வைக்கிறார்கள். லிஃப்ட் இருக்கிற லாட்ஜாகப் பார்த்திருக்கிறேன், சித்திக்காக. அன்று சாயங்காலம் மெரினா. 24 விடியற்காலை நானும் தம்பியும் பிள்ளைகளும் காசிமேடு போகிறோம், சித்தி தூங்கட்டும். அன்று ராத்திரி மட்டும் லாட்ஜ் வேண்டாம், எல்லோரும் எங்கள் வீட்டில். கூடத்தில் நாலு பாய், சித்திக்குக் கட்டில். கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடந்தால் ஆறு நிமிடம், சித்தி நடையில் பத்து நிமிடம்.

"அண்ணே, பாலுக்கு நாங்க காசு தர்றோம்," என்றான் தம்பி போனை வைக்கும் முன்னால். வேண்டாம், பூ மட்டும் வாங்கிட்டு வா, திண்டுக்கல்லில்தான் பூ மலிவு என்றேன்.